அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வக்கீலைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. கடலூர் செம்மண்டலத்தில் 38 லட்சத்துக்கு ஒரு பழைய வீடு பார்த்திருக்கிறோம். வீட்டுக்காரர் இறந்துவிட்டார், மனைவியும் இரண்டு மகன்களும் சேர்ந்து விற்கிறார்கள். புரோக்கர், தனக்குத் தெரிந்த வக்கீலே லீகல் பார்த்துப் பத்திரமும் எழுதித் தருவார் என்கிறார். லோன் போடுவதால் பேங்க் வக்கீல் எப்படியும் பார்ப்பாரே, தனியாக ஒருவர் எதற்கு என்று என் கணவர் கேட்கிறார். வெள்ளிக்கிழமை 2 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகி, நெல்லிக்குப்பம்)

பதில்: இந்த வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டாம்.

புரோக்கர் சொல்லும் வக்கீல் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் மாதாமாதம் அந்தப் புரோக்கர் மூலமாக நாலு பத்திரம் அவருக்கு வருகிறது என்றால், 'இந்த வீடு வேண்டாம், விட்டுவிடுங்கள்' என்று உங்களிடம் சொல்ல அவருக்கு வாய் வருமா? பேங்க் வக்கீல் விஷயம் வேறு. அவர் ரிப்போர்ட் கொடுப்பது பேங்குக்கு, உங்களுக்கு இல்லை. இந்த விலைக்கு பேங்க் தரும் கடன் அதிகபட்சம் 30 லட்சத்தைச் சுற்றித்தான் இருக்கும், அது திரும்பி வருமா என்பதுதான் அவர்கள் கவலை. மீதி 8 லட்சம் உங்கள் சேமிப்பு. அதன் மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 38 லட்சத்துக்கு 3 லட்சத்து 42 ஆயிரம் போகும். நாளைக்கு வீட்டின் மேல் வழக்கு வந்தாலும் மாதத் தவணையை நீங்கள்தான் கட்டிக்கொண்டிருப்பீர்கள். அதனால் உங்களுக்கென்று ஒரு வக்கீல் வேண்டும், அதுவும் அட்வான்ஸுக்கு முன்னால் வேண்டும். பணம் கைமாறிய பிறகு வக்கீல் குறை கண்டுபிடித்தால் அந்தப் பணத்தை மீட்பதே தனி வேலையாகிவிடும்.

உங்கள் கடிதத்தில் என் மனதை உறுத்துவது ஒரே ஒரு வரி, மனைவியும் இரண்டு மகன்களும் விற்கிறார்கள் என்பது. மகள் இல்லையா? இறந்தவரின் அம்மா இருக்கிறாரா, அல்லது மகன் இறந்த அன்று உயிரோடு இருந்தாரா? இந்துக் குடும்பம் என்றால், சுயசம்பாத்திய வீட்டுக்கு உயில் எழுதாமல் ஒருவர் இறந்துபோனால் மனைவி, மகன்கள், மகள்கள், அவரைப் பெற்ற தாய் எல்லோருக்கும் சமபங்கு. கல்யாணமாகிப் போன மகளுக்கும் உண்டு. எல்லோரும் மறப்பது அந்தத் தாயைத்தான். பிறகு அந்தம்மாளும் காலமாகிவிட்டால் அவர் பங்கு பேரன்களுக்கு மட்டும் போவதில்லை, அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும், அதாவது இறந்தவரின் அண்ணன் தம்பி அக்கா தங்கைகளுக்கும் போகும்.

என்னிடம் ஒரு தம்பதி வந்தார்கள், வீடு வாங்கி நாலு வருடம் கழித்து. விற்றவருடைய இரண்டு அத்தைகள் பாகம் கேட்டு வழக்குப் போட்டிருந்தார்கள். பத்திரம் எழுதியவர் வாரிசுச் சான்றில் பாட்டியின் பெயர் இருந்ததைப் பார்த்திருக்கிறார், 'அவங்கதான் போயிட்டாங்களே' என்று விட்டுவிட்டார். அன்றைக்கு அந்த அத்தைகளிடம் ஒரு கையெழுத்து வாங்கியிருந்தால் முடிந்திருக்கும். அந்தப் பெண் என் மேசை முன்னால் உட்கார்ந்து அழுததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

இந்த மாதிரி விஷயம் வில்லங்கச் சான்றில் வராது. பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். பதியாத உயில், வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம் எதுவும் தெரியாது, உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டமும் இல்லை. 30 வருட வில்லங்கம் கேட்பதற்குக் காரணம் உண்டு, அடமானச் சொத்தை மீட்க வழக்குப் போட கால வரம்பு 30 வருடம். ஆனால் சுத்தமான வில்லங்கம் இருக்கிறது என்று திருப்தியடையும் வக்கீல் எனக்குத் திருப்தி தரமாட்டார். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேட்கிறாரா, 'வாரிசில் மைனர் யாராவது உண்டா' என்று விசாரிக்கிறாரா, மூலப்பத்திரத்தை ஜெராக்ஸில் பார்க்காமல் ஒரிஜினலில் பார்க்க வேண்டும் என்கிறாரா, இதை வைத்து ஆளை எடை போடுங்கள். மைனர் பங்கை அப்பா அம்மா கோர்ட் அனுமதி இல்லாமல் விற்றால், அந்தப் பிள்ளைக்கு 18 வயது முடிந்து 3 வருடம் வரை அந்தக் கிரயத்தை எதிர்த்து வழக்குப் போட வழி இருக்கிறது.

மஞ்சக்குப்பம் கோர்ட் பக்கம் விசாரித்தால் சிவில் வழக்கு, குறிப்பாகப் பாகப்பிரிவினை வழக்கு நடத்துகிறவர்கள் யார் என்று தெரியும். அவர்களில் ஒருவரைப் பிடியுங்கள், எங்கே உடையும் என்று உடைந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்திர எழுத்தர் வேறு, வக்கீல் வேறு. எழுத்தர் நீங்கள் சொன்னதை எழுதுவார், விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று சோதிப்பது அவர் வேலை இல்லை. பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஃபீஸ் எவ்வளவு, அதில் லீகல் மட்டுமா, ஒப்பந்தமும் கிரயப் பத்திரமும் சேர்த்தா என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

அப்புறம் லீகல் ஒப்பீனியனை எழுத்தில் வாங்குங்கள், வாங்கி முழுக்கப் படியுங்கள். பெரும்பாலானவர்கள் கடைசியில் 'கிரயம் செய்யலாம்' என்ற வரியை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். அதற்கு மேலே 'கீழ்க்கண்ட ஆவணங்களைப் பெற்றுக்கொண்டு' என்று நாலைந்து இருக்கும். அவை கைக்கு வராதவரை அந்தக் கடைசி வரிக்கு மதிப்பு இல்லை.

எல்லாம் சரி என்று வந்த பிறகு அட்வான்ஸை பேங்க் மூலமாகக் கொடுங்கள். வீட்டுக்கான அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்யுங்கள், தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அதைப் பதிய வேண்டும் என்பது சட்டம்.

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு பூர்வீக வீடு விலைக்கு வருகிறது, 45 லட்சம். பழைய பத்திரம் பிரெஞ்சில் இருக்கிறது. வாரிசுகளில் இரண்டு பேர் பாரிஸில் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த கடலூர் வக்கீலையே வைத்துக்கொள்ளலாமா? (வாசகர், ரெட்டிச்சாவடி)

பதில்: அவர் கெட்டிக்காரராக இருந்தாலும் இதற்கு வேண்டாம். இரண்டு ஊரும் பக்கத்தில் இருக்கிறதே தவிர பதிவுத் துறையும் நில ஆவணங்களும் வேறு வேறு. புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்கு வந்தது, சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான் முடிந்தது. அந்தக் காலத்துப் பத்திரங்களை நொத்தேர், அதாவது பத்திரங்களுக்குச் சான்றளிக்கும் பிரெஞ்சுக் கால அதிகாரி, முன்னிலையில் பிரெஞ்சில் எழுதினார்கள். அதைப் படித்துப் பழகிய புதுச்சேரி வக்கீலைத் தேடுங்கள், மொழிபெயர்ப்பை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

முக்கியமான கேள்வி, அந்தக் குடும்பம் ரெனோன்சான் குடும்பமா என்பது. 1881 ஆணையின்படி தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களின் வழிவந்தவர்கள் என்றால் வாரிசு யார், பங்கு எவ்வளவு என்பதே மாறும். பாரிஸில் இருப்பவர்கள் அனுப்பும் பவர் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும். பவர் கொடுத்தவர் கிரயத்தன்று உயிரோடு இருக்கிறாரா என்று வீடியோ காலிலாவது பேசிவிடுங்கள்.

50 லட்சத்துக்குக் கீழே என்பதால் டிடிஎஸ், அதாவது விற்பவருக்குத் தரும் பணத்தில் பிடித்துக் கட்டும் வருமான வரி, இல்லை என்று யாராவது சொல்வார்கள். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அவர் பங்குக்கு அந்த வரம்பு கிடையாது, வரியைப் பிடிக்க வேண்டியது வாங்குகிற நீங்கள். பணம் அனுப்புவதற்கு முன் ஒரு ஆடிட்டரையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: லீகலுக்குக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. முழு ஃபீஸும் கொடுத்துவிட்டேன், வக்கீல் போனை எடுப்பதில்லை. (வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: பகலில் கோர்ட்டில் இருப்பார், போன் சரிப்படாது. சாயங்காலம் ஆபீசுக்கு நேரில் போய், எந்த ஆவணத்துக்காக நிற்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு பத்திர நகலோ, விற்பவர் தராமல் இழுக்கும் சான்றோதான் காரணமாக இருக்கும், அதை நீங்களே அலைந்து வாங்கிக் கொடுத்தால் இரண்டு நாளில் முடியும். காரணமே சொல்லாமல் இன்னும் ஒரு வாரம் என்றால் உங்கள் காகிதங்களைத் திரும்பக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விற்பவர் கொடுத்த ஒரிஜினல் ஏதாவது அவரிடம் இருந்தால், எந்தெந்தப் பத்திரம் என்று எழுதி ஒரு ரசீதை இன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள்.