கிழக்கு பார்த்த கோவிலுக்குக் காலை, மேற்கு பார்த்ததற்கு மாலை: அங்கோர் கேள்வி பதில்

கம்போடியாவின் சியெம் ரீப் நகரையும் அங்கோர் கோவில்களையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கோலாலம்பூரிலிருந்து சியெம் ரீப் போய் இரண்டு இரவு தங்குகிறோம். அங்கோருக்கு ஒரு நாள் சீட்டு போதும் என்கிறார் ஏஜென்ட். போதுமா?
*சென்னை வாசகர்*

அந்தச் சீட்டு அங்கோர் வாட் என்ற ஒரு கோவிலுக்கு மட்டும் உரியதல்ல. அங்கோர் தாம், தா ப்ரோம், பந்தேய் ஸ்ரெய் என்று காட்டுக்குள் பரவிக் கிடக்கும் அத்தனை கோவில்களுக்கும் அதுதான் சீட்டு. ஒரு நாளுக்கு 37 டாலர். மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டை வாங்கிய பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம். தொடர்ந்து போகவேண்டும் என்பதில்லை. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் வயதைக் காட்ட பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

இரண்டு இரவு என்றால் நடுவில் முழுதாகக் கிடைப்பது ஒரே நாள். புதிய விமான நிலையம் ஊரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பகல் 1 மணிக்கு விமானம் என்றால் 9.30-க்காவது ஓட்டலை விட்டுக் கிளம்ப வேண்டும். மூன்றாம் நாள் அதோடு போயிற்று. அதனால் உங்கள் கணக்குக்கு ஏஜென்ட் சொன்னது சரிதான். ஒன்று மட்டும் செய்யுங்கள்: போய் இறங்கிய அன்று மாலை 5 மணிக்குச் சீட்டு வாங்குங்கள். அந்த நேரத்துக்கு மேல் வாங்கும் சீட்டில் மறுநாள் தேதிதான் இருக்கும். அன்றைய சூரிய அஸ்தமனத்துக்கும் அதை வைத்தே உள்ளே போகலாம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. டிசம்பரில் அங்கே 5.40-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். எல்லோரும் ஓடும் ப்னாம் பாகெங் குன்றுக்கு அடிவாரத்திலிருந்து இருபது நிமிட நடை. உச்சியில் ஒரே நேரத்தில் 300 பேருக்குத்தான் இடம். 5 மணிக்குச் சீட்டு வாங்கிவிட்டு அங்கே போனால் வரிசையிலேயே இருட்டிவிடும். ப்ரே ரூப் கோவிலுக்குப் போவது மேல்; 7 மணி வரை திறந்திருக்கும், கூட்டமும் குறைவு. எதுவாக இருந்தாலும், கோவில் வாசல்களில் சீட்டு விற்பதில்லை. நகருக்கு வெளியே இருக்கும் ஒரே அலுவலகத்துக்குத்தான் போகவேண்டும், அல்லது அதிகாரபூர்வத் தளத்தில் முன்பே வாங்கவேண்டும். தொலைத்தால் மறுபடி முழுப் பணம்.

முடிந்தால் ஓர் இரவைக் கூட்டி மூன்று நாள் சீட்டு வாங்குங்கள். 25 டாலர் அதிகம் கொடுத்து மற்ற எதையும் இவ்வளவு மலிவாக அங்கே வாங்க முடியாது.

அங்கோர் வாட்டில் சூரியோதயம் பார்த்துவிட்டு வந்த நண்பர்கள் பாதிப் பேர் "அற்புதம்" என்கிறார்கள், பாதிப் பேர் "கூட்டத்தைத்தான் பார்த்தோம்" என்கிறார்கள். யாரை நம்புவது?
*கோவை வாசகர்*

இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எடுப்பித்த அந்தக் கோவில் மேற்கு பார்த்தது. அதனால் உதயத்தின்போது சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழும். கோவில் கரிய நிழலுருவமாகத்தான் தெரியும், கல்லின் ஒரு வேலைப்பாடும் கண்ணில் படாது. மேகம் மூடிவிட்டால் அதுவும் இல்லை. முகப்பு வெளிச்சத்தில் குளித்து நிற்பது பகல் 2 மணிக்கு மேல்தான். நல்ல படம் வேண்டும் என்றால் மாலையில் போகவேண்டிய கோவில் இது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி மட்டும் சூரியன் நடுக்கோபுரத்தின் உச்சிக்கு நேராக எழும். அந்தச் சில நாட்களில் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அப்படியும் உதயத்துக்குப் போவதென்றால் 5 மணிக்கு வாசல் திறக்கும்போதே அங்கே இருங்கள். டார்ச் அவசியம், அகழியைக் கடக்கும் கல்பாதை மேடுபள்ளமானது. உள்ளே போனதும் இடப்பக்கம், அதாவது வடக்கே இருக்கும் குளத்தின் கரைதான் எல்லோரும் நிற்கும் இடம்.

உண்மையான லாபம் அதற்குப் பிறகுதான். 6.30 மணி வாக்கில் கூட்டம் மொத்தமும் காலை உணவுக்குக் கலைந்துவிடும். நீங்கள் ஓட்டலில் பொட்டலம் கட்டச் சொல்லி வாங்கி வந்ததை ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு (குரங்குகள் ஜாக்கிரதை, பை வாயைத் திறந்து வைக்காதீர்கள்) நேரே கிழக்குப் பிராகாரத்துக்கு நடந்துவிடுங்கள். தெற்குச் சிறகில் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடைவது செதுக்கப்பட்டிருக்கிறது. காலை வெயில் தூண்களுக்கு இடையே சாய்வாக விழுவதால் அந்த ஆழமில்லாத செதுக்கல் தெளிவாகத் தெரிவது அந்த நேரத்தில்தான். ஒருபக்கம் 92 அசுரர்கள், மறுபக்கம் 88 தேவர்கள், நடுவில் திருமால், அடியில் ஆமை. மத்துக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள்: கடல் சுழலும் வேகத்தில் மீன்களும் முதலைகளும் துண்டுதுண்டாய்ச் சிதறுகின்றன. தூரத்தில் இருக்கும் மீன்கள் முழுசாக நிம்மதியாய் நீந்துகின்றன. பலர் இதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

சிற்பங்களை முறையாகப் பார்க்க விரும்பினால் மேற்கு வாயிலில் நுழைந்து வலப்பக்கம் திரும்புங்கள். முதலில் குருக்ஷேத்திரம், அம்புப் படுக்கையில் பீஷ்மர், தெற்கில் மன்னனின் ஊர்வலமும் சொர்க்க நரகமும், அதன்பின் பாற்கடல். இங்கே கதைவரிசை அப்பிரதட்சிணமாகப் போகிறது. நம் பழக்கத்துக்கு வலம் வந்தால் எல்லாம் தலைகீழாக வரும். இலங்கைப் போர் மேற்குச் சுவரின் வடபாதியில் இருக்கிறது, அதை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மேல்தளம் 6.40-க்குத் திறக்கும். ஒரே சமயத்தில் 100 பேர்தான். 9 மணிக்கு மேல் போனால் வெயிலில் வரிசை நிற்கவேண்டும். பௌத்தர்களின் விரத நாட்களில் ஏறவிடமாட்டார்கள். தோளும் முழங்காலும் மறையும்படி தைத்த உடையாக இருக்கவேண்டும். கையில்லாத சட்டைமேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு போகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். அங்கே அதிகம் நடக்கும் வாக்குவாதம் இதுதான்.

கம்போடியாவில் காரைக்கால் அம்மையார் சிலை இருப்பதாகச் சொல்கிறார்கள். எந்தக் கோவில்? வழிகாட்டிகள் காட்டுவார்களா?
*காரைக்கால் வாசகி*

பந்தேய் ஸ்ரெய். தனிச் சிலை அல்ல, வாயில் முகப்பின் மேலே உள்ள ஒரு சிற்பத்தின் பகுதி. கி.பி. 967-இல் குடமுழுக்கு கண்ட சிவன் கோவில் இது. கட்டியவர் மன்னர் அல்லர், யக்ஞவராகர் என்ற அரசவைக் குரு. உள்மதிலின் கிழக்கு வாயிலில், கிழக்கு பார்த்த முகப்பை அண்ணாந்து பாருங்கள். பத்துக் கைகளோடு சிவன் ஆடுகிறார். அவர் காலருகே மூலையில், வற்றிய மார்பும் ஒட்டிய உடலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். பேய்வடிவம் வேண்டிப் பெற்ற அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்பது இவரைத்தான்.

பெரும்பாலான வழிகாட்டிகள் தாண்டவத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள், அம்மையாரை நீங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும். தலைக்கு மேலே உயரத்தில் இருப்பதால் சிறிய பைனாகுலரோ நல்ல ஜூம் உள்ள கேமராவோ எடுத்துப் போங்கள். கோவில் கிழக்கு பார்த்தது, காலை 7.30-க்குத் திறக்கும்போதே போனால் நேர் வெயில் அந்த முகப்பில் விழும், இளஞ்சிவப்புக் கல் பழுத்தாற்போல் நிறம் காட்டும். பத்து மணிக்கு மேல் டூர் பஸ்கள் வந்துவிடும். இடம் மிகச் சிறியது. நூறு பேர் வந்தாலே நடக்க வழியிருக்காது.

அங்கேயே மற்றவற்றையும் விட்டுவிடாதீர்கள். தெற்கு நூலகத்தின் கிழக்கு முகப்பில் இராவணன் கயிலையைப் பெயர்க்கிறான். மேற்கு முகப்பில் மன்மதன் அம்பு தொடுக்கிறான். மேற்கு வாயிலில் வாலியும் சுக்ரீவனும். கருவறைப் பகுதிக்குக் கயிறு கட்டியிருக்கும். அங்கே காவலுக்கு உட்கார்ந்திருக்கும் உருவங்கள் நகல்கள்.

சியெம் ரீப்பிலிருந்து 37 கிலோமீட்டர். டுக்டுக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல், போக வர சுமார் 25 முதல் 30 டாலர். சாலைப் புழுதிக்கு முகக்கவசம் நல்லது. இன்னும் கொஞ்சம் போனால் க்பால் ஸ்பியன்; ஆற்றுப் படுகைப் பாறையிலேயே வரிசை வரிசையாக லிங்கங்களும் பள்ளிகொண்ட பெருமாளும் செதுக்கிய இடம். ஒன்றரைக் கிலோமீட்டர் காட்டுவழி ஏறவேண்டும், பிற்பகல் 3 மணிக்கு மேல் அனுமதி இல்லை. மார்ச், ஏப்ரலில் அருவி வற்றிவிடும்; செப்டம்பர் வெள்ளத்தில் லிங்கங்கள் மூழ்கிவிடும். டிசம்பர், ஜனவரி சரியான காலம். குறித்த பாதையை விட்டு விலகாதீர்கள், கண்ணிவெடிகள் புதைந்திருந்த நாடு.

அங்கோர் வாட்டைக் கட்டியது தமிழ் மன்னன் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
*மதுரை வாசகர்*

கட்டியவர் கெமர் மன்னர், அதாவது கம்போடிய மன்னர். கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமரிலும் இருக்கின்றன, தமிழில் அல்ல. ஆனால் தொடர்பு இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. கெமர் எழுத்து பல்லவ எழுத்தின் வழிவந்தது. காம்போஜ (கம்போடிய) மன்னன் தன் வெற்றித் தேரை அனுப்பி முதலாம் ராஜேந்திர சோழனின் நட்பை நாடியதாகக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. காம்போஜ அரசன் அன்பளிப்பாகக் கொடுத்த கல் ஒன்று சிதம்பரம் கோவிலில் வைக்கப்பட்டதாக முதலாம் குலோத்துங்கன் காலத்து, 1114-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. இரண்டாம் சூரியவர்மன் பட்டமேறி அப்போது ஓர் ஆண்டுதான். இவ்வளவு நல்ல சான்றுகள் இருக்கும்போது பொய் எதற்கு?

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. அழைத்துப் போகலாமா?
*திருச்சி வாசகி*

தாராளமாக. பந்தேய் ஸ்ரெய் சமதளம், வாசற்படிகளைத் தாண்டினால் போதும். தா ப்ரோமில் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். டிரைவரிடம் மேற்கு வாசலில் இறக்கிவிட்டுக் கிழக்கு வாசலில் காத்திருக்கச் சொல்லுங்கள், திரும்பி நடக்கும் தூரம் மிச்சம். அங்கோர் வாட்டில் கீழ்ப் பிராகாரச் சிற்பங்கள் போதும். மேல்தளப் படிக்கட்டு செங்குத்து, அதைத் தவிருங்கள். அங்கோர் தாமில் உள்ள யானை மேடையைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். ப்னாம் பாகெங், ப்ரே ரூப், தா கேவ், பாபுவோன் நான்கும் வேண்டாம். ஏறுவதைவிட இறங்குவதுதான் அங்கே கஷ்டம், படிகள் பாதத்தின் பாதி அகலம்கூட இல்லாதவை.

காலை 11 வரை ஒரு சுற்று, ஓட்டலில் தூக்கம், 3 மணிக்கு மேல் இன்னொரு சுற்று. வயதானவர்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்குமே இதுதான் முறை.

ஏப்ரல் பள்ளி விடுமுறையில்தான் முடியும். போகலாமா?
*ஈரோடு வாசகர்*

ஆண்டிலேயே கொடிய வெயில் ஏப்ரல்தான், நம் ஊர் அக்னி நட்சத்திரத்தோடு புழுக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தவிர ஏப்ரல் நடுவில் கெமர் புத்தாண்டு. உள்ளூர்க்காரர்களே லட்சக்கணக்கில் வருவார்கள். அரையாண்டு விடுமுறைக்குத் தள்ளிப்போட முடிந்தால் அதைச் செய்யுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? விசா, பணம் விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?
*மயிலாப்பூர் வாசகி*

ஊருக்குள், பழைய சந்தையைச் சுற்றி இந்திய உணவகங்கள் இருக்கின்றன. கெமர் சாப்பாட்டில்தான் எச்சரிக்கை: காய்கறி வறுவலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள், 'ப்ரஹோக்' என்ற மீன் விழுது மசாலாவிலேயே இருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்றால் மீன் வரும். மீன், மீன் சாறு, இறால் மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். கோவில் பகுதிக் கடைகளில் இதை விளக்க நேரமிருக்காது, அங்கே பழமும் இளநீரும் போதும்.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விமான நிலையத்திலேயே சுற்றுலா விசா கிடைக்கும், 30 டாலர். இணையத்தில் எடுப்பதானால் அரசுத் தளம்தானா என்று பாருங்கள். அதே தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் பல. விமானத்தில் வருபவர்கள் மின்-வருகை அட்டையையும் முன்பே நிரப்ப வேண்டும், அது இலவசம். பாங்காக்கிலிருந்து பஸ்ஸில் பொய்பெட் எல்லை வழியாகப் போகலாம் என்ற பழைய யோசனையை விட்டுவிடுங்கள். தாய்லாந்து - கம்போடிய மோதலால் 2025-இல் அந்த நில எல்லை மூடப்பட்டது. விமானத்தை நம்பித் திட்டமிடுங்கள்.

செலவெல்லாம் அமெரிக்க டாலரிலேயே நடக்கும். ஒரு டாலருக்குக் கீழ்ப்பட்ட சில்லறையை ரியலில் தருவார்கள், ஏறக்குறைய 4,000 ரியல் ஒரு டாலர். நோட்டில் சின்னக் கிழிசல், மைக்கறை இருந்தாலும் வாங்கமாட்டார்கள். சென்னையில் பணம் மாற்றும்போதே ஒவ்வொரு நோட்டின் ஓரத்தையும் பார்த்து வாங்குங்கள், 100 டாலர் தாள்களாக வாங்காமல் 1, 5, 10 என்று கேளுங்கள். டுக்டுக்காரரிடம் 100 டாலரை நீட்டினால் சில்லறைக்காக அவரே உங்களைச் சுற்றவைப்பார்.