வாசகர் கேள்வி–பதில்: ஆளில்லாத பெஞ்சுகள்

கேள்வி: எங்கள் தோட்டப் பட்டணத்தில் பஸ் நிலையத்துக்கும் கடைவரிசைக்கும் நடுவே உள்ள காலி இடத்தில் ஆறு சிமெண்ட் பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள். யாரும் உட்காருவதில்லை. பெரியவர்கள் கடை ஐந்தடியில் (கடை முன் நடைபாதையில்) நின்றபடியேதான் பேசுகிறார்கள். குடியிருப்போர் சங்கம் என்ன செய்யலாம்?
– வாசகி, பேராக், மலேசியா

பதில்: அவசரப்பட்டு எதையும் கட்டாதீர்கள். ஒரு வேலைநாள், ஒரு சனிக்கிழமை, பாசார் மாலாம் (இரவுச் சந்தை) நடக்கும் ஒரு நாள் என மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள். காலை 7, பகல் 12, மாலை 5, இரவு 8 மணிக்குப் பத்து நிமிடம் நின்று, யார் எங்கே நிற்கிறார்கள், எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள்.

பெரும்பாலும் காரணம் வெயில்தான். மாலை 5 மணிக்கு அது மேற்கிலிருந்து சாய்வாக அடிக்கும். தலைக்கு மேல் கூரை இருந்தாலும் முகம் சுடும். மறைப்பு மேற்குப் பக்கம் வேண்டும். பகலெல்லாம் காய்ந்த சிமெண்ட் 6 மணிக்கும் சூடாகத்தான் இருக்கும். அடுத்தது முழங்கால். சாய்மானமும் கைப்பிடியும் இல்லாத பெஞ்சில் உட்கார்ந்த பாட்டி எதைப் பிடித்து எழுவார்? இருக்கை 45 செ.மீ. உயரம் இருக்கட்டும். லோங்காங்கை (வடிகாலை) பார்த்துப் போட்ட பெஞ்சையும் திருப்பிப் போடச் சொல்லுங்கள். மனிதர்கள் மனிதர்களைப் பார்க்கத்தான் உட்காருகிறார்கள்.

1970களில் நியூயார்க் சதுக்கங்களைப் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட், நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால் பலர் அதைச் சில அங்குலமாவது நகர்த்திவிட்டுத்தான் உட்காருகிறார்கள் என்று கவனித்தார். அதே நகரில் 2009-இல் டைம்ஸ் சதுக்கத்தின் ஒரு பகுதியில் வண்டிகள் ஓடத் தடை போட்டபோது முதலில் வந்தவை மலிவான மடக்கு நாற்காலிகள். நிரந்தரத் தளம் பிறகுதான். நீங்களும் நகராட்சி மன்றத்தில் எழுத்தில் அனுமதி வாங்கி, நான்கு வார இறுதிகளுக்கு இருபது பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு தார்ப்பாய் போட்டுப் பாருங்கள். தார்ப்பாயை 3 மீட்டருக்கு 30 செ.மீ. சரிவாகக் கட்டுங்கள், தொய்ந்தால் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும். கம்புகளுக்கு மணல் மூட்டை கட்டாயம், மாலைப் புயல்காற்று சும்மா விடாது. இரவில் நாற்காலிகளை அடுக்கிப் பூட்டி வைப்பது யார் என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். இப்படிப்பட்ட முயற்சிகள் அதிகம் படுத்துப்போவது இந்த இடத்தில்தான்.

வழியையும் பாருங்கள். லோங்காங் மூடியின் இடைவெளி 13 மி.மீ.க்கு மேல் போனால் ஊன்றுகோல் முனை சிக்கும். 15 செ.மீ. உயர விளிம்புக்கு 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும், அதாவது 1:12. அதைவிடச் செங்குத்தானால் சக்கர நாற்காலியைத் தனியாகத் தள்ளி ஏறுவது கடினம்.

கேள்வி: அந்த இடத்துச் சுவரில் பிள்ளைகள் வரைந்த ஓவியம் மூன்று மாதத்தில் உரிந்துவிட்டது. ஏன்?

பதில்: சுவரில் ஈரம் இருந்திருக்கும், அல்லது சிமெண்ட் பூச்சு புதிதாக இருந்திருக்கும். புதுச் சிமெண்டின் காரம் (அல்கலி) பெயிண்டை அரிக்கும். குறைந்தது 28 நாள் காயவிடுங்கள். வரையும் முன் 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, மறுநாள் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளி தெரிந்தால் பொறுத்திருங்கள். வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் காய்ந்த பிரஷால் தேய்த்து எடுத்து, காரம் தாங்கும் சீலர் (அடிப்பூச்சு) அடித்த பிறகு வண்ணம் தீட்டுங்கள்.