குயின்ஸ்லாந்து மெரூன் அணி: வந்த கேள்விகளும் என் பதில்களும்

போன வாரம் ஸ்டேட் ஆஃப் ஒரிஜின் (ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்கள் தங்கள் மண்ணின் வீரர்களோடு மோதும் ரக்பி லீக் தொடர்) பற்றிப் பேச்சு வந்தபோது, யாருக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள், குயின்ஸ்லாந்து அணியின் கதையை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன் என்றேன். நிறைய கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, எனக்கு ரக்பி லீக்கே புதிது. முதலில் ஆட்டத்தைப் பற்றி நாலு வரி சொல்லுங்களேன்?

ஒரு பக்கம் 13 பேர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடலாம், ஆனால் கையால் முன்னால் வீசக் கூடாது, பின்னால்தான் தள்ளிவிட வேண்டும். எதிரணி பிடித்து மடக்கினால் அது ஒரு டேக்கிள். ஆறு டேக்கிளுக்குள் எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பந்து அடுத்தவர் கைக்குப் போய்விடும். அப்படித் தரையில் வைப்பதுதான் ட்ரை. இப்போது ட்ரைக்கு 4 புள்ளி. 1983க்கு முன் 3 புள்ளிதான், கீழே 1980 ஆட்டத்தின் கணக்கைப் பார்க்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கோல் உதைத்தால் 2. சடுகுடு ஆடியவர்களுக்கு இந்த ஆட்டம் சீக்கிரம் பிடித்துப்போகும்.

குயின்ஸ்லாந்து அணி 1980இல்தான் பிறந்ததா?

இல்லை, பலர் அப்படி நினைக்கிறார்கள். அணி 1908லிருந்து இருக்கிறது. அந்த ஆண்டு சிட்னியில் நியூ சவுத் வேல்ஸோடு ஆடிய முதல் ஆட்டத்தில் 43-0 என்று தோற்றது. 1920களில் நிலைமை தலைகீழானது. டூவூம்பா ஊரிலிருந்து வந்த டங்கன் தாம்ப்சன் போன்றவர்கள் இருந்த காலம் அது, குயின்ஸ்லாந்து பல ஆண்டுகள் ஆதிக்கம் செலுத்தியது. அப்புறம் மெல்ல மெல்ல இறங்குமுகம்.

ஏன் இறங்கியது? திறமை குறைந்துவிட்டதா?

திறமை குறையவே இல்லை. திறமைசாலிகள் ஊரை விட்டுப் போனார்கள், அவ்வளவுதான்.

1956இல் நியூ சவுத் வேல்ஸில் கிளப்புகள் போக்கர் மெஷின் என்ற சூதாட்ட இயந்திரங்களை வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதித்தது. அந்தச் சூதாட்டப் பணத்தில் சிட்னி கிளப்புகள் கொழுத்தன. குயின்ஸ்லாந்தில் அந்த அனுமதி 1990கள் வரை வரவில்லை. ஆகவே குயின்ஸ்லாந்தின் சிற்றூர்களான இன்னிஸ்ஃபெயிலிலோ ரோமாவிலோ ஒரு பையன் நன்றாக ஆடுகிறான் என்று தெரிந்தால் சிட்னியிலிருந்து ஆள் வந்துவிடும். குடும்பக் கஷ்டத்தில் இருக்கும் பையன் போகாமல் என்ன செய்வான்?

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றைய விதிப்படி எந்த மாநிலத்துக் கிளப்பில் ஆடுகிறாரோ அந்த மாநிலத்துக்குத்தான் ஆட வேண்டும். குயின்ஸ்லாந்தில் பிறந்து வளர்ந்தவன் நியூ சவுத் வேல்ஸின் நீலச் சட்டை போட்டுக்கொண்டு பிரிஸ்பேனுக்கு வந்து, தன் சொந்த ஊர்க்காரர்களையே அடித்துத் தோற்கடித்துவிட்டுப் போவான். இருபது வருடம் கிட்டத்தட்ட இதுதான் கதை. 1970களின் முடிவில் மக்கள் ஆட்டம் பார்க்க வருவதையே குறைத்துக்கொண்டார்கள். முடிவு தெரிந்த ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்?

அப்படியானால் பிறந்த மண்ணுக்கு ஆடலாம் என்ற யோசனை யாருடையது?

ரக்பி லீக்கில் பிறந்த யோசனை அல்ல இது. 1977இல் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் இதே நோய் இருந்தது, அவர்கள் வீரர்கள் மெல்போர்னுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கேதான் முதலில் செய்து பார்த்தார்கள். குயின்ஸ்லாந்து லீக்கின் தலைவரும் செனட்டருமான ரான் மெக்காலிஃப் அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் லீக்கின் தலைவர் கெவின் ஹம்ப்ரீஸ் சம்மதித்தார். 1980 தொடரில் முதல் இரண்டு ஆட்டங்களைப் பழைய விதிப்படி ஆடினார்கள், நியூ சவுத் வேல்ஸ் இரண்டையும் வென்றுவிட்டது. தொடர் முடிந்துபோன பிறகு மீதமிருந்த மூன்றாவது ஆட்டத்தைத்தான் சோதனைக்குக் கொடுத்தார்கள். சிட்னியில் பலர் இது வேண்டாத வேலை என்றே பேசினார்கள்.

அந்த முதல் ஆட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்லுங்கள் அண்ணா. என் ஆஸ்திரேலிய நண்பர்கள் அதைப் புராணம் மாதிரிப் பேசுகிறார்கள்.

பேசட்டும் தம்பி, அதற்கு அந்த ஆட்டம் தகுதியானதுதான்.

1980 ஜூலை 8, பிரிஸ்பேன் லாங் பார்க் அரங்கம். முப்பத்து மூவாயிரம் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கேப்டன் ஆர்தர் பீட்சன். ரோமாவில் பிறந்த பழங்குடி மனிதர். 1973இல் ஆஸ்திரேலிய அணிக்குத் தலைமை தாங்கியவர், எந்த விளையாட்டிலும் ஒரு பழங்குடி வீரர் நாட்டுக்குக் கேப்டனானது அதுவே முதல் முறை. 1966இல் சிட்னிக்குப் போனவர் நியூ சவுத் வேல்ஸுக்கு ஆடினாரே தவிர, குயின்ஸ்லாந்துக்கு ஒரு தடவைகூட ஆடியதில்லை. 1980இல் அவருக்கு 35 வயது, பாரமட்டா கிளப்பின் இரண்டாம் நிலை அணியில் இருந்தார். வேறு யாராக இருந்தாலும் ஓய்வு பெற்றிருப்பார்கள். இவர் குயின்ஸ்லாந்தின் மெரூன் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்து வந்தார். அரங்கம் அதிர்ந்தது என்று அன்று இருந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

ஆட்டத்தின் நடுவே ஒரு கைகலப்பு. பீட்சன் தன் பாரமட்டா கிளப் தோழரான மிக் க்ரோனின் மீதே கை வைத்தார். அடி எவ்வளவு பலமாக விழுந்தது என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது, எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. சனிக்கிழமை ஒன்றாக ஆடுபவர்கள் செவ்வாய்க்கிழமை ஊருக்காக மோதிக்கொள்வார்களா என்பதுதான் எல்லோருக்கும் இருந்த சந்தேகம். பதில் அந்த நொடியில் கிடைத்துவிட்டது.

கெர்ரி பூஸ்டெட் முதல் ட்ரை போட்டார், கிறிஸ் குளோஸ் இன்னொன்று. அன்றைக்குத்தான் 20 வயது நிறைந்த மால் மெனிங்கா 7 கோல் உதைத்தார், ஒன்றுகூடத் தவறவில்லை. இரண்டு ட்ரைக்கு 6, ஏழு கோலுக்கு 14. குயின்ஸ்லாந்து 20, நியூ சவுத் வேல்ஸ் 10.

பீட்சன் ஒரிஜினில் ஆடியது அந்த ஒரே ஆட்டம்தான். அடுத்த ஆண்டிலிருந்து பயிற்சியாளர் ஆகிவிட்டார். 1981இலும் ஓர் ஆட்டம் மட்டும் ஒரிஜின் விதிப்படி நடந்தது, 15-0 என்று பின்தங்கியிருந்து 22-15 என வென்றார்கள். 1982 முதல் மூன்று ஆட்டமுமே ஒரிஜின்.

வாலி லூயிஸை ஏன் "ராஜா" என்கிறார்கள்?

ஒரிஜினில் 31 ஆட்டம், அதில் 30 ஆட்டத்துக்குக் கேப்டன், 8 முறை ஆட்ட நாயகன். எண்களைவிட எனக்கு 1989 சிட்னி ஆட்டம்தான் மனதில் நிற்கிறது. மெனிங்காவுக்குக் கண்குழி எலும்பு உடைந்தது, ஆலன் லாங்கருக்கும் பால் வாட்டினுக்கும் அடி, வெளியே போனார்கள். பாப் லிண்ட்னர் எலும்பு முறிந்த காலோடு ஆடிக்கொண்டிருந்தார். மாற்று ஆட்களும் தீர்ந்துபோய் கடைசியில் 12 பேர். அந்த நிலையில் லூயிஸ் தனியாக ஓடி ஒரு ட்ரை போட்டார். 16-12 வெற்றி.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தலையில் பட்ட தொடர் அடிகளால் வரும் மூளை நோய் தனக்கு இருக்கலாம் என மருத்துவர்கள் கண்டதாக லூயிஸ் 2023இல் வெளிப்படையாகச் சொன்னார். உடைந்த காலோடு ஆடியதைப் பெருமையாகப் பேசி வளர்ந்தவன் நான். இப்போது அப்படிப் பேச மனம் வரவில்லை. தலையில் அடிபட்டவரை உடனே வெளியே எடுக்கும் இன்றைய விதியைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

"குயின்ஸ்லாண்டர்!" என்று கத்துகிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

1995. சூப்பர் லீக் என்ற போட்டி அமைப்பு வந்து ஆட்டமே இரண்டாகப் பிளந்த ஆண்டு. அந்தப் பக்கம் கையெழுத்துப் போட்டவர்களை ஒரிஜினுக்கு எடுக்கவில்லை. பிரிஸ்பேன் பிராங்கோஸ் வீரர்கள் முழுக்க அந்தப் பக்கம், ஆக குயின்ஸ்லாந்துக்கு லாங்கரும் இல்லை, பயிற்சியாளர் வேய்ன் பென்னட்டும் இல்லை. முதல்தரக் கிளப் எதற்கும் பயிற்சி கொடுத்தே இராத பால் வாட்டினிடம் பொறுப்பு போனது. பென் இக்கினுக்கு 18 வயதுதான். மூன்றிலும் தோற்பார்கள் என்றே எல்லோரும் எழுதினார்கள்.

முதல் ஆட்டத்துக்கு மைதானத்துக்குள் போகும் சுரங்கப் பாதையில் பில்லி மூர் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டு போனார். ஆட்டம் முடிந்தபோது 2-0. ஒரு ட்ரைகூட இல்லை, ஒரே ஒரு பெனால்டி கோல். அடுத்த இரண்டையும் வென்று 3-0. நட்சத்திரங்கள் இல்லாத அணிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

2006 முதல் 2013 வரை தொடர்ந்து எட்டு தொடர்! எப்படி?

ஒரே காலத்தில் ஜொனாதன் தர்ஸ்டன், கேமரன் ஸ்மித், பில்லி ஸ்லேட்டர், கிரெக் இங்கிலிஸ் என்று நான்கு பேர் கிடைத்தார்கள், தொடக்கத்தில் டேரன் லாக்யர் தலைமை, பயிற்சியாளர் மெனிங்கா. ஆனால் அது தொடங்காமலே போயிருக்கும். 2006 கடைசி ஆட்டத்தில் முடிய கொஞ்ச நேரம் இருக்கும்போது 14-4 என்று பின்தங்கியிருந்தார்கள். தர்ஸ்டன் பிளந்துகொண்டு ஓட, பிரென்ட் டேட் ட்ரை போட்டார். பிறகு நியூ சவுத் வேல்ஸ் தன் கோட்டருகே தவறாக வீசிய பந்தை லாக்யர் பொறுக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டி விழுந்து ட்ரை போட்டார். 16-14. அதற்கு முந்தைய மூன்று தொடரும் போயிருந்தன, இதுவும் போயிருந்தால் ஒரிஜினே அலுத்துப்போகும் என்ற பேச்சு அப்போது ஓடியது.

இங்கிலிஸ் நியூ சவுத் வேல்ஸ்காரர்தானே? இது நியாயமா?

கேட்க வேண்டிய கேள்விதான். அவர் நியூ சவுத் வேல்ஸில் பிறந்து வளர்ந்தவர். பெரியவர்களுக்கான ஆட்டத்தை முதலில் எங்கே ஆடினார் என்றே அன்றைய விதி பார்த்தது. விதிப்படி சரி, அதன் நோக்கத்துக்குப் பொருந்தியதா என்று கேட்டால் நான் தயங்குவேன். மறுபக்கமும் உண்டு: 1980களில் நியூ சவுத் வேல்ஸுக்கு ஆடிய பீட்டர் ஸ்டெர்லிங் பிறந்தது குயின்ஸ்லாந்தின் டூவூம்பாவில். 2012இல் விதியை மாற்றி, 13 வயதுக்கு முன் அந்த மாநிலத்தில் வாழ்ந்திருக்க வேண்டும் என்றார்கள்.

மொத்தக் கணக்கு?

1982 முதல் 2025 முடிய 44 தொடர்கள். குயின்ஸ்லாந்து 25, நியூ சவுத் வேல்ஸ் 17, சமன் 2.

பெண்கள் அணி?

மாநிலங்களுக்கிடையே முன்பிருந்தே ஆடுகிறார்கள். ஒரிஜின் என்ற பெயர் கிடைத்தது 2018இல், மூன்று ஆட்டத் தொடர் 2024இல்தான். முதல் மூன்று ஆட்டத் தொடரைக் குயின்ஸ்லாந்து வென்றது.

அடுத்த மாதம் பிரிஸ்பேன் வருகிறோம். ஆட்டம் இல்லாத நாளில் போனால் பார்க்க ஏதாவது இருக்குமா?

லாங் பார்க் போங்கள். 2003இல் புதிதாகக் கட்டினார்கள், பெயரை அதற்கு முன்பே சன்கார்ப் ஸ்டேடியம் என்று மாற்றிவிட்டார்கள், ஊர்க்காரர்கள் பலருக்கு இன்னும் லாங் பார்க்தான். ஒரு காலத்தில் அந்த இடம் இடுகாட்டு நிலம். வெளியே லூயிஸ் சிலை நிற்கிறது, எல்லோரும் அங்கே படம் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் பீட்சன் சிலையையும் தேடிப் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகள் யார் இவர் என்று கேட்டால் 1980 கதையைச் சொல்லுங்கள்.