சோறு போடுவது புரிகிறது, சோதனைக் குழாய் வாங்கிக் கொடுப்பது எதற்கு?

கேள்வி: எங்கள் ஊரில் கோயில் திருப்பணிக்குக் கொடுக்கிறார்கள், அன்னதானத்துக்குக் கொடுக்கிறார்கள், அது புரிகிறது. இப்போது அறிவியல் கல்வி அறக்கட்டளை என்று சொல்லிக்கொண்டு ரசீதுப் புத்தகத்தோடு வருகிறார்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மாதாமாதம் பணம் அனுப்புகிறார்களாம். பள்ளிக்கூடம் அரசாங்கத்தினுடையது, சம்பளமும் புத்தகமும் அரசாங்கம் தருகிறது. பிறகு எதற்கு நன்கொடை? வரியை மிச்சம் பிடிக்கவும் பெயர் வாங்கவும்தானே கொடுக்கிறார்கள்? நான் 500 ரூபாய் கொடுத்தால் அதனால் என்ன ஆகிவிடும்?
— ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: முதலில் வரியைப் பார்த்துவிடுவோம். ஒரு தாளும் பேனாவும் இருந்தால் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். 80ஜி என்று எல்லோரும் சொல்லும் வருமான வரிச் சலுகையின்படி, இத்தகைய அறக்கட்டளைக்கு ஒருவர் 1,000 ரூபாய் கொடுத்தால், பொதுவாக அதில் பாதியான 500 ரூபாய் அவருடைய வருமானக் கணக்கிலிருந்து கழிக்கப்படும். 20 சதவீத வரி கட்டுகிறவருக்கு அதனால் மிச்சமாவது 100 ரூபாய். கூடுதல் தீர்வையையும் சேர்த்தால் 104 ரூபாய். மீதி 896 ரூபாய் அவர் கையைவிட்டுப் போனது போனதுதான். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்த 104 ரூபாயும் கிடையாது. 104 ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காக 1,000 ரூபாயை எடுத்து நீட்டுகிற ஆளை நான் பார்த்ததில்லை, நீங்களும் பார்த்திருக்கமாட்டீர்கள்.

நிறுவனங்களின் கணக்கு வேறு. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட்டாக வேண்டும். ஓசூர்த் தொழிற்சாலை ஒன்று பள்ளிக்கு ஆய்வுக்கூடம் கட்டித் தந்தால் அதைச் சட்டக் கடமை என்று சொல்லுங்கள், மறுக்கமாட்டேன். ஆனால் மாதச் சம்பளத்திலிருந்து 300 ரூபாய் அனுப்புகிற உங்கள் ஊர்ப் பையனை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. அவன் பெயரை யாரும் கல்லில் வெட்டி வைக்கப்போவதும் இல்லை. அவனையும் கல்வெட்டுக்காரர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறீர்கள். அது நியாயமில்லை.

அவன் ஏன் கொடுக்கிறான்? எங்கள் அலுவலகத்துக்கு வருகிற கடிதங்களில் அதற்குப் பதில் இருக்கிறது. அமிலமும் காரமும் சேரும் நடுநிலையாக்கல் வினையைத் தேர்வில் பிழையில்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்கள், லிட்மஸ் தாள் நிறம் மாறியதைப் பள்ளியில் ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காதவர்கள், தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பள்ளியில் நுண்ணோக்கி இருந்திருக்கும், பீரோவுக்குள் இருந்திருக்கும். உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் சாவி தலைமையாசிரியரிடமே இருந்திருக்கும். பிறகு கல்லூரியில், திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்டை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், தெரிந்தவர்களுக்கு நடுவே கூசி நின்றிருப்பார்கள். படிப்பில் அவர்கள் குறைந்தவர்கள் இல்லை. கை பழகவில்லை, அவ்வளவுதான். அந்தக் கூச்சத்தை அடுத்த பிள்ளையும் படக்கூடாது என்று நினைப்பதற்குப் பெரிய தத்துவம் எதுவும் தேவையில்லை. நான் அறிந்தவரை, சிறு தொகையைத் தவறாமல் அனுப்புகிறவர்களில் பலர் இப்படிப்பட்டவர்கள்தான்.

ஆனால் இதோடு முடித்தால் பாதிப் பதில்தான். பாலக்கோட்டிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். தண்ணீரைப் பற்றிப் பேசாமல் தருமபுரி மாவட்டத்தில் அறிவியல் கல்வியைப் பற்றிப் பேச முடியாது.

நம் நிலத்தடிப் பாறைகளில் ஃபுளோரைடு என்ற வேதிப்பொருள் இருக்கிறது. மழை குறையக் குறைய ஆழ்துளைக் கிணறுகளை இன்னும் ஆழமாக இறக்கினோம். பாறையில் நெடுங்காலம் ஊறிய தண்ணீர் மேலே வந்தது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குழந்தைப் பருவத்தில் குடித்தவர்களுக்கு நிலைத்த பற்கள் முளைக்கும்போதே கறையோடு முளைக்கும். அளவு மிக அதிகமாக இருந்து பல ஆண்டுகள் குடித்தால் எலும்பைப் பிடிக்கும். முதுகு விறைக்கும், கால் வளையும். இதை எத்தனை வீடுகளில் பரம்பரை வாகு என்றார்கள், எத்தனை பிள்ளைகளை ஒழுங்காகப் பல் துலக்காதவன் என்று வகுப்பில் எழுப்பி நிறுத்தினார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பெண் பார்க்க வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு சிரித்த பெண்கள் நம் ஊர்ப் பெண்கள்தான். பிறகு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்தது, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. அந்தத் திட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ஃபுளோரைடு நோயைத் தணிப்பது என்ற நோக்கமும் சேர்ந்திருக்கிறது. காவிரி வந்தது பெரிய காரியம். ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் பழைய கிணற்றுக்கே குடத்தோடு போகிறோமே.

அப்படி எடுத்து வந்த தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கெடுதல் போய்விடும் என்று நம்புகிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. கொதித்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு எங்கும் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிஞ்சியதில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். இதைப் புரிந்துகொள்ள மருத்துவராக வேண்டாம். உப்புக் கரைசலைக் காய்ச்சினால் தண்ணீர் போய்விடும், உப்பு தட்டில் தங்கும் என்பது நடுநிலைப் பள்ளிப் பாடம். அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்த பிள்ளை தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுவாள். தன் கையால் காய்ச்சி, தட்டில் ஒட்டிய வெள்ளை உப்பைச் சுரண்டிப் பார்த்த பிள்ளை, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் "இந்தத் தண்ணீரைக் காய்ச்சினாலும் ஆகாது அம்மா" என்று சொல்ல வாய்ப்பிருக்கிறது. சொல்வதற்கான துணிவு, தான் பார்த்தோம் என்பதிலிருந்து வருகிறது. ஃபுளோரைடைக் கண்டறியும் எளிய சோதனைப் பெட்டிகளும் இருக்கின்றன. மருந்தைச் சில சொட்டுகள் விட்டால் செந்நிறம் மஞ்சள் பக்கம் மாறுவதைக்கொண்டு, பாதுகாப்பான தண்ணீர் எது, ஆகாதது எது என்று பள்ளிப் பிள்ளைகளே ஊர்க் கிணறுகளைப் பிரித்து எழுதி வைக்கலாம்.

இந்த வேலைக்குத்தான் நன்கொடை கேட்கிறார்கள், கேட்க வேண்டும். அறிவியல் கல்வி என்றால் விஞ்ஞானிகளை உற்பத்தி செய்வது என்று நீங்கள் நினைப்பதாகத் தெரிகிறது. தான் குடிக்கும் தண்ணீரைத் தானே சோதித்துப் பார்க்கத் தெரிந்த ஒரு ஊரை உண்டாக்குவது அதைவிட அவசரமான காரியம். அதற்குப் பணம் கொடுப்பவருக்கு இது தெரிந்திருக்கிறது. தெரிந்திருப்பதால்தான் கொடுக்கிறார்.

அன்னதானத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. பசி என்ன என்று தெரிந்த மண் இது. மதிய உணவு இல்லாமல் நம் பெற்றோரில் பலர் பள்ளிப் படியே ஏறியிருக்கமாட்டார்கள். ஆனால் அதில் ஒரு நிறைவு அன்றைக்கே கிடைத்துவிடுகிறது: பந்தியில் உட்கார்ந்தவர் வயிறு நிறைந்து எழுவதைப் பார்க்கிறோம். ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்தவர் எதையும் பார்ப்பதில்லை. சில சமயம் உயிரோடு இருக்கும்வரை பார்ப்பதில்லை.

கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி 1876இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். கட்டடம் வந்தது, கருவிகள் வந்தன, சொற்பொழிவுகள் நடந்தன. அவர் எதிர்பார்த்த அளவுக்கு ஆதரவு மட்டும் வரவில்லை. அந்த மனக்குறையோடுதான் 1904இல் இறந்தார். மூன்றே ஆண்டுகள் கழித்து, 1907இல், நிதித்துறை வேலைக்காகக் கல்கத்தா வந்த ஒரு தமிழ் இளைஞர் அந்தக் கழகத்தின் கதவைத் தட்டினார். காலையிலும் மாலையிலும் அலுவலக நேரம் போக அங்கேயே கிடந்தார். 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவு கண்டறியப்பட்டது அந்தக் கழகத்தில்தான்; 1930இல் நோபல் பரிசு வந்தது. 1876இல் பணம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் அப்போது உயிரோடு இருந்திருப்பார்கள்? திருச்சியில் ராமன் பிறந்ததே 1888இல். பிறக்காத ஒரு பிள்ளைக்காகக் கொடுத்திருக்கிறார்கள். கொடுப்பதில் இதைவிடத் தன்னலம் குறைந்த வகை எனக்குத் தெரிந்து இல்லை. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த அழகப்பச் செட்டியாரையும் இந்த வரிசையில்தான் வைப்பேன்.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா என்கிறீர்கள். பார்க்கத்தான் வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை சோதனைகளோடு அறிவியலும் கணக்கும் கற்பிக்க வானவில் மன்றம் 2022 நவம்பரில் தொடங்கப்பட்டது, நல்ல முயற்சி. அடுத்த மாதமே, பள்ளிகளுக்குப் பொதுமக்களும் நிறுவனங்களும் கொடுப்பதற்கென்று 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தையும் அரசே தொடங்கியது. ஆக, தன்னால் மட்டும் முடியாது என்று அரசே சொல்லியிருக்கிறது. இன்னொன்றையும் யோசியுங்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972இல் இரண்டு தன்னார்வ அமைப்புகள் 16 பள்ளிகளில் சோதனை வழி அறிவியலைத் தொடங்கின. அரசு ஏற்றுக்கொண்டது, பிற மாவட்டங்களுக்கும் பரவியது. 2002இல் அரசே அதை நிறுத்தியும்விட்டது. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் ட்யூபையும்கொண்டு வடிவியல் சொல்லித்தரலாம் என்று காட்டிய அரவிந்த் குப்தா அங்கே வேலை செய்தவர்தான். திட்டம் போன பிறகும் அவருடைய பொம்மைகள் நம் ஊர் ஆசிரியர்கள் கைவரை வந்து சேர்ந்திருக்கின்றன. அரசு மாறும், அதிகாரி மாறுவார். நின்றுபோன இடத்திலிருந்து எடுத்துச் செல்ல அரசுக்கு வெளியேயும் ஆட்கள் இருந்தாக வேண்டும்.

உங்கள் சந்தேகத்தில் ஒரு பகுதி எனக்கும் உண்டு. பெரிய திரையும் பெயர்ப் பலகையும் வைத்துவிட்டு, திறப்பு விழாப் படத்தோடு காணாமல் போகிற கொடையாளர்கள் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு அமிலம் தீர்ந்திருக்கும், திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பியூரெட்டின் திருகு உடைந்திருக்கும். வாங்கித்தர ஆள் இருக்காது. அறிவியலைச் சோதனையாகக் காட்டாமல் வித்தையாகக் காட்டிக் கைதட்டல் வாங்கிப் போகிற அமைப்புகளும் உண்டு. மாதிரி எரிமலை பொங்கும், பிள்ளைகள் கத்துவார்கள், ஒரு பிள்ளைகூடக் கேள்வி கேட்டிருக்காது. பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையில் 4,200 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு இருந்தது என்று 2022இல் அறிவிப்பு வந்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். அந்தக் காலத்தை எப்படிக் கணித்தார்கள் என்று வகுப்பில் எழுந்து கேட்கிற பிள்ளை வேண்டும். பழம்பொருளில் மிஞ்சிய கரிமத்தைக்கொண்டு வயதைச் சொல்லும் கரிமக் காலக்கணிப்பை அவளுக்குப் புரியவைக்கிற ஆசிரியர் வேண்டும். ஆசிரியர் பயிற்சிக்கும், ஆண்டுதோறும் தீர்ந்துபோகிற பொருள்களுக்கும், மலைப்பக்கத்துச் சித்தேரிக்கும் அஞ்செட்டிக்கும் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற ஆளின் பஸ் டிக்கெட்டுக்கும் பணம் கேட்கிற அமைப்பைத்தான் நான் நம்புவேன்.

உங்கள் 500 ரூபாய்க்கு ஒரு வகுப்புக்கு வேண்டிய லிட்மஸ் தாளும் சில கைலென்ஸ்களும் சோதனைக் குழாய்களும் வரும். ரசீதுப் புத்தகத்தோடு வந்தவரை உட்காரவைத்துக் கேளுங்கள்: போன ஆண்டு எந்தப் பள்ளிக்குப் போனீர்கள், எத்தனை முறை திரும்பப் போனீர்கள், கருவியைத் தொட்டது நீங்களா பிள்ளைகளா? பதிலில் தடுமாறினால் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தோடு உங்கள் ஊர் நடுநிலைப் பள்ளிக்குப் போய், அறிவியல் ஆசிரியரிடம் என்னென்ன தீர்ந்துபோயிருக்கிறது என்று கேட்டு, அதை வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.