சாயம் விடுகிற டப்பா

கேள்வி: புதிதாக வாங்கிய சிவப்பு பிளாஸ்டிக் டப்பாவை ஈரத்துணியால் துடைத்தால் துணியில் லேசாகச் சிவப்பு ஒட்டுகிறது. "நாலு தடவை கழுவினால் நின்றுவிடும்" என்கிறார் கடைக்காரர். அதில் சாப்பாடு வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். கழுவினால் சாயம் நிற்பது துணியில் நடக்கலாம். பிளாஸ்டிக் டப்பாவின் கதை வேறு.

இப்படிப்பட்ட டப்பாக்களில் நிறத்தை மேலே பூசுவதில்லை. நிறமியைக் கொஞ்சம் பிளாஸ்டிக்கோடு செறிவாகக் கலந்து குருணையாக்கி வைத்திருப்பார்கள். தொழிலில் அதற்கு மாஸ்டர்பேட்ச் என்று பெயர். நிறமில்லாத 100 கிலோ குருணைக்குப் பொதுவாக இதில் 2 முதல் 4 கிலோ சேர்த்து, உருக்கி, அச்சுக்குள் செலுத்துவார்கள். அதனால்தான் டப்பாவின் விளிம்பைச் சீவினாலும் உள்ளே அதே சிவப்பு தெரிகிறது.

அப்படியென்றால் நிறம் ஏன் வெளியே வருகிறது? நிறமி என்பது கரையாத நுண்துகள். பிளாஸ்டிக் ஆறி இறுகும்போது அதைச் சூழ்ந்து பிடித்துக்கொள்ளும். நிறமிக்குப் பதில் சாயத்தைக் கலந்திருந்தால், அது பிளாஸ்டிக்கிலேயே கரைந்துவிடும். பாலிஸ்டைரீன், பாலிகார்பனேட் போன்ற கெட்டியான பிளாஸ்டிக்குகளில் சாயம் நன்றாகவே நிற்கும். ஆனால் டப்பாவும் வாளியும் செய்கிற பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் ஆகியவற்றில் அது மெல்ல மேற்பரப்புக்கு நகர்ந்து வரும். பொருத்தமில்லாத சில நிறமிகளும் இப்படி வருவதுண்டு. நீங்கள் துடைத்தெடுத்தாலும் உள்ளிருந்து மறுபடி வரலாம். எண்ணெயும் சூடும் பட்டால் இன்னும் சீக்கிரம் வரும்.

வெள்ளைப் பஞ்சில் சமையல் எண்ணெய் தொட்டு உட்புறத்தை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் டப்பாவைத் திருப்பிக் கொடுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஆனால் நிறம் ஒட்டவில்லை என்பதற்காகவே டப்பா பாதுகாப்பானது என்று எண்ணிவிட வேண்டாம். பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புக்குக் காட்மியம், ஈயம் கலந்த நிறமிகளைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. அவை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சாயம் விடாது. அதனால் உணவுக்கு ஏற்றது என்ற குறியும் தயாரிப்பாளர் பெயரும் இல்லாத பளபள டப்பாவை வாங்கவே வேண்டாம்.

கேள்வி: வாங்கிய வாளியில் பளிங்கு மாதிரி கோடுகள் ஓடுகின்றன. உடைந்துவிடுமா?

பதில்: பெரும்பாலும் தோற்றக் குறைதான். மாஸ்டர்பேட்ச் சரியாகக் கலக்காமல் போயிருக்கும், இல்லையென்றால் இயந்திரத்தில் முந்தைய நிறம் மிச்சம் இருந்திருக்கும். விரலால் தடவிப் பாருங்கள். கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டால் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் விரிசல் விழலாம்.

கேள்வி: கறுப்பு பிளாஸ்டிக் நல்லதா, கெட்டதா?

பதில்: எதற்கு வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெயிலில் கிடக்கிற குழாய்க்கும் தொட்டிக்கும் கறுப்பே சிறந்தது. 2 சதவீதம் அளவுக்குக் கார்பன் பிளாக் என்கிற நுண்ணிய கரித்தூள் நன்றாகக் கலந்திருந்தால் அது புற ஊதாக் கதிரை உறிஞ்சி, பிளாஸ்டிக் நொறுங்காமல் காக்கும். சமையலறைக்கு வந்தால் நான் யோசிப்பேன். பல நிறக் கழிவுகளைச் சேர்த்து உருக்கினால் மங்கிய சாம்பலோ பழுப்போதான் வரும். அதை மறைக்கக் கறுப்பு சுலபமான வழி. பழைய மின்சாதனங்களின் உறைகளும் அந்தக் கழிவில் சேர்ந்திருந்தால், தீப்பிடிக்காமலிருக்க அவற்றில் போட்ட புரோமின் சேர்மங்களும் கூடவே வந்துவிடும். சூடான உணவைத் தொடும் கரண்டியோ டப்பாவோ வாங்கும்போது நிறமில்லாததையே எடுங்கள்.