தமிழ்நாட்டில் மறைந்துபோன சிற்றூர்களைப் பழைய வரைபடங்கள், பதிவேடுகள் வழியாகக் கண்டறிவது எப்படி?

இந்தத் தேடலில் இறங்குபவர்கள் பெரும்பாலும் வரைபடத்தில் ஊர்ப்பெயரைத் தேடித்தான் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் வரி விதிக்கப்படாத நிலத்தைத் தேடுங்கள் என்பேன்.

பதிவேடு எழுதியவர்களுக்கு ஊரின் வரலாறு பொருட்டன்று. எந்த நிலம் தீர்வை தரும், எது தராது என்பதே அவர்கள் கணக்கு. இது ஆங்கிலேயர் கொண்டுவந்த பழக்கமும் அன்று. தஞ்சைப் பெரிய கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் கல்வெட்டுகள், ஊர் ஊராக நிலத்தின் அளவைச் சொல்லி, அதிலிருந்து கழிக்க வேண்டியவற்றையும் வரிசையாகச் சொல்கின்றன: ஊர்நத்தம் (குடியிருப்பு நிலம்), குளம், கம்மாணசேரி (கம்மாளர் குடியிருப்பு), பறைச்சேரி, சுடுகாடு, ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால். அந்தச் சேரிகள் இருந்ததே இன்று நமக்குத் தெரியவருவது, அவை வரிக்கணக்கில் கழிவாக எழுதப்பட்டதால்தான்.

ஒரு கிராமத்தின் நிலங்களையெல்லாம் புல எண் (சர்வே எண்) வாரியாகப் பட்டியலிடும் இன்றைய அ-பதிவேட்டையும் அப்படியே படிக்கலாம். ஒவ்வொரு புல எண்ணுக்கு நேரேயும் நன்செய், புன்செய், புறம்போக்கு என்ற வகைப்பாடும், கடைசியில் ஒரு குறிப்புக் கலமும் இருக்கும். புறம்போக்கை மட்டும் பிரித்தெடுத்து, குறிப்பில் நத்தம், களம், குட்டை, சுடுகாடு, வண்டிப்பாதை என்று வரும் எண்களைக் கிராம வரைபடத்தில் வண்ணமிட்டுக்கொள்ளுங்கள். இப்போதைய குடியிருப்பை விட்டு வெகுதூரம் தள்ளி, சுற்றிலும் புன்செய்யாகக் கிடக்கும் இடத்தில் நத்தமும் குட்டையும் சுடுகாடும் அருகருகே அமைந்தால், அங்கே ஒரு காலத்தில் மக்கள் குடியிருந்தார்கள் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். தனியாக ஒரு நத்தம் மட்டும் இருந்தால் நான் நம்புவதில்லை. மனைக்கென ஒதுக்கி யாரும் குடியேறாத இடமாகவும் அது இருக்கக்கூடும். 1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகள் பல மாறிவிட்டதால், பழைய புல எண் கலத்தையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம்.

இதற்குப் பிறகுதான் ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட பழைய தாள்கள் கைகொடுக்கும். அவற்றில் ல, ள, ழ எல்லாம் ஒரே ஆங்கில எழுத்தில் அடைபட்டுக் கிடப்பதால், எழுத்துக்கூட்டிப் பார்க்காமல் ஒலியை வைத்துத் தேட வேண்டும். ஊரின் பெயர் போய், அதே பெயரில் ஏரி மட்டும் நிற்பதும் உண்டு. கோயிலுக்கோ ஊழியத்துக்கோ மானியமாக விடப்பட்ட சிற்றூராக இருந்தால், அத்தகைய மானியங்களை விசாரிக்க 1858இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகளைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊர்ப்பட்டியலும் உதவும். வருவாய் கிராமம் நிலத்தின் அலகு என்பதால், ஆளே இல்லாவிட்டாலும் அதன் பெயரும் எல்லையும் நீடிக்கும். 2011 பட்டியலில் நாடு முழுவதும் இருந்த சுமார் 6.4 லட்சம் கிராமங்களில் 40,000க்கும் மேற்பட்டவை ஆளில்லாதவை. இதற்கு நேர்மாறாக, நூறு வீடுகள் இருந்தும் தனி வருவாய் கிராமமாக இல்லாததால் பட்டியலில் பெயர் ஏறாத குக்கிராமங்களும் உண்டு. அணையில் மூழ்கிய ஊர்களுக்கு இத்தனை பாடு தேவையில்லை. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் நீர் வெகுவாக இறங்கினால், பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தாமாகவே வெளியே தெரியும்.

இடம் உறுதியானாலும், அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதை எந்த அரசுப் பதிவேடும் சொல்லாது. அருகில் குலதெய்வக் கோயில் ஏதேனும் இருந்தால் கொடை நாளில் போய்ப் பாருங்கள். அங்கே கோயில் வரி பிரிப்பவரின் தலைக்கட்டு நோட்டில் குடும்பத் தலைவர்களின் பெயரோடு அவர்கள் இப்போது வசிக்கும் ஊரும் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும்.