லிங்க் ஆகும்போது ‘__எக்ஸ்64_சிஸ்_ஹலோ’வைக் காணோமா?

லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ‘ஹலோ’ என்று ஒரு புதிய சிஸ்டம் கால் (நிரல்கள் கர்னலிடம் வேலை கேட்கும் வழி) சேர்த்தேன், ஹலோ.ஓ கோப்பு உருவாகிவிட்டது, கடைசியில் லிங்க் ஆகும்போதுதான் (கோப்புகளை ஒன்றாக இணைக்கும்போது) ‘__எக்ஸ்64_சிஸ்_ஹலோ’ இல்லை என்று பிழை வருகிறது என எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்துச் செய்தது பழைய பாடம் நண்பரே.

‘ஆஸ்ம்லிங்கேஜ் லாங் சிஸ்_ஹலோ’ என்று நேரடியாக எழுதுவது 64 பிட் எக்ஸ்86இல் லினக்ஸ் 4.17க்கு முன்புவரைதான் ஓடியது. இப்போது உள்ளீடுகளைச் சுமக்கும் ரிஜிஸ்டர்கள் (செயலியின் சிறு நினைவிடங்கள்) எல்லாம் ஒரே பொட்டலமாக வருகின்றன. அதைப் பிரித்துத் தரும் உறைதான் அந்த ‘__எக்ஸ்64_’. அதைக் கையால் எழுதாதீர்கள். ‘சிஸ்கால்_டிஃபைன்0(ஹலோ)’ என்று மாற்றினால் மேக்ரோவே (சுருக்க வரியை முழு நிரலாக விரிப்பது) அந்த உறையை உருவாக்கிவிடும். அடைப்புக்குள் ‘சிஸ்_’ வேண்டாம், சிஸ்டம் கால் அட்டவணையில் மட்டும் ‘சிஸ்_ஹலோ’ என்றே இருக்கட்டும்.

உள்ளீடு இருந்தால் வகைக்கும் பெயருக்கும் நடுவிலும் காற்புள்ளி வேண்டும்: ‘சிஸ்கால்_டிஃபைன்1(ஹலோ, இன்ட், வயது)’. இந்த ஒரு காற்புள்ளியால் எனக்கு ஒரு சாயங்காலமே போயிற்று.

அட்டவணையில் சிஸ்டம் காலுக்குத் தரும் எண்ணில் 512 முதல் 547 வரை எக்ஸ்32க்கு (64 பிட் செயலியில் 32 பிட் முகவரிகளோடு ஓடும் முறை) உரியவை, தொடாதீர்கள்.

அப்புறம், ஓட்டிப் பார்க்கும்போது -1, எர்னோ 38 (‘அப்படியொரு சிஸ்டம் கால் இல்லை’ என்னும் பிழை எண்) வந்தால் உடனே நிரலைக் குடைய வேண்டாம். முதலில் ‘யுநேம் -ஆர்’ அடித்து, ஓடுகிற கர்னலின் பதிப்பைப் பாருங்கள். பெரும்பாலும் க்ரப் (கணினி தொடங்கும்போது கர்னலை ஏற்றும் நிரல்) பழைய கர்னலையே ஏற்றியிருக்கும்.